மருத்துவச்சியும் செவிலியரும்: சென்னை மாகாணப் பேறுகாலப் பணியின் வரலாறும் பெயர்களும்

சங்க இலக்கியச் செவிலி, நற்றாய் ஈன்ற மகளை வளர்ப்பவள். தோழியைச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியக் களவியல் குறிக்கிறது. ஐங்குறுநூற்றின் செவிலி கூற்றுப் பத்து, மணமாகிச் சென்ற மகளின் இல்லறத்தைக் கண்டுவந்து செவிலி உரைப்பதாக அமைந்தது. கணவன், மனைவி, புதல்வன் மூவரும் ஒருங்கிருக்கும் காட்சி அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. பிள்ளைப்பேற்றின்போது கைகொடுப்பவளாக அச்செவிலி அப்பத்தில் வருவதில்லை. பிற்காலத் தமிழில் அப்பணிக்குரியவள் மருத்துவச்சி. 'நர்ஸ்' என்பதற்கு ஈடாகச் 'செவிலியர்' நிலைபெற்றபோது, வளர்ப்பைக் குறித்த சொல்லே பேறு பார்ப்பவருக்கும் உரியதாயிற்று.

நிறுவன வரலாறோ பேறுகாலப் பணியிலிருந்தே தொடங்குகிறது. பின்னாளில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையாக அறியப்பட்ட அரசு மருத்துவமனை சென்னையில் 1844இல் தோன்றியது. பேறு பார்க்கும் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854இல் இசைவளித்தது. அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல்தான். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லிப், அதற்கு முன்பே மகப்பேறு மருத்துவமனையில் பேறு பார்க்கும் பயிற்சி பெற்றிருந்தார். பெண்கள் மருத்துவக் கல்வியின் வரலாற்றை 1875இலிருந்து எழுதும் வழக்கம் இம்முன்கட்டத்தை மறைத்துவிடுகிறது.

இப்பள்ளிகளின் எல்லைக்கு அப்பால், ஊர்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். அச்சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு என்பது இங்குக் கருதத்தக்கது. மாமியாரிடமோ தாயிடமோ கற்ற தொழில். கூலி பெரும்பாலும் தானியம். தொப்புள்கொடி அறுப்பதும் நச்சுக்கொடியைப் புதைப்பதும் தீட்டுக்குரியனவாகக் கருதப்பட்டமையால், அவளுடைய கைத்திறன் இன்றியமையாததாகவும் அவள் தொடுகை விலக்கத்தக்கதாகவும் ஒருசேர இருந்தன. காலனிய மருத்துவ எழுத்துகள் அவளை அறியாமையின் வடிவமாகவே தீட்டின. தூய்மையற்ற கருவியால் கொடியறுப்பதால் பச்சிளங்குழந்தைக்கு இசிவுநோய் வந்தது உண்மை. அதனை மறுக்க இயலாது. ஆனால் அழுக்குக் கை மருத்துவச்சிக்கு மட்டும் உரியதன்று. வியன்னா மருத்துவமனையில் பேறு பார்க்கும் பெண்கள் பயின்ற பிரிவைவிட மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் தாய்மார் மிகுதியாக இறந்தனர். பிணவறையிலிருந்து நேரே வந்த மாணவர் கைகளே அதற்குக் காரணம் என்று செம்மல்வைஸ் 1847இல் கண்டார். மாகாணத்து எழுத்துகளில் தூய்மை பற்றிய பழி கற்றவரைவிடக் கல்லாதவள்மேல் எளிதாக ஏறியதற்கு அவளது சாதியும் ஒரு காரணம் எனலாம்.

1903இல் தோன்றிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, மரபுவழி மருத்துவச்சியரைப் பயிற்றுவிக்க முனைந்தது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வேறு வழியில் சென்றது. இந்தியாவில் இத்தகைய பதிவு முறைக்கு முன்னோடியான அச்சட்டத்தின் பதிவேட்டில் பயிற்சியும் சான்றிதழும் உடையோரே இடம்பெற்றனர். தலைமுறை அனுபவத்துக்கு அதில் பத்தி இல்லை.

பெயர்களின் போக்கும் இதனோடு இயைந்தது. இலங்கைத் தமிழில் தாதியர் வேறு, குடும்பநல மருத்துவமாது வேறு. பேறு பார்ப்பவள் பெயரில் 'மருத்துவம்' எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டிலோ வீடுதோறும் சென்று கருவுற்றோரையும் பிறந்த குழந்தையையும் கவனிப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். மருத்துவச்சி என்பது பதவிப் பெயராக அங்குத் தொடரவில்லை.