வாசல் தேடி வந்தவை: இந்திய, வங்கதேசக் குடும்ப வாழ்வின் ஐம்பதாண்டு ஒப்பீடு

2020 அக்டோபரில் பன்னாட்டு நிதியம் ஒரு கணிப்பை வெளியிட்டது. அந்த ஆண்டு வங்கதேசத்தின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி 1,888 டாலராகவும் இந்தியாவுடையது 1,877 டாலராகவும் இருக்கும் என்றது அக்கணிப்பு. பதினோரு டாலர்தான் வித்தியாசம். அதுவும் பெருந்தொற்றால் இந்தியப் பொருளாதாரம் சுருங்கிப்போயிருந்த ஓர் ஆண்டின் கணக்கு. ஆனாலும் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் அது பெரும் விவாதமானது. உண்மையில், வங்கதேசம் இந்தியாவை முந்திய இன்னொரு தருணம் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துபோய்விட்டது. அன்று அதைப் பற்றி அதிகம் பேசியவர்கள் இல்லை. அது நடந்தது பணத்தில் அல்ல. பிறந்த குழந்தைகள் பிழைத்திருப்பதில்.

இரு நாடுகளிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று எடுக்கப்படும் குடும்ப நல ஆய்வுகள் ஒரே வகை வினாநிரலைப் பின்பற்றுபவை. அதனால் அவற்றின் எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1992–93இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 109 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 1993–94இல் வங்கதேசத்தில் இறந்தவர்கள் 133 பேர். 1998–99இல் இந்தியாவின் எண் 95. அடுத்த ஆண்டு எடுத்த வங்கதேச ஆய்வில் 94. இரு கோடுகளும் அங்கே சந்தித்தன. அதன் பிறகு இந்தியா 2005–06இல் 74, வங்கதேசம் 2007இல் 65. இந்தியா 2015–16இல் 50, வங்கதேசம் 2014இல் 46. இந்தக் காலம் முழுவதும் வருமானம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வியப்பு. 1990இல் இந்தியரின் சராசரி வருமானம் வங்கதேசத்தவருடையதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அது வங்கதேசத்தவருடையதைப் போல ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது என்று பொருளியலாளர்கள் ஜான் திரேசும் அமர்த்திய சென்னும் 2013இல் வெளிவந்த தங்கள் நூலில் காட்டினார்கள். பணம் கூடிய வீட்டில் குழந்தை இறப்பு மெதுவாகக் குறைந்தது. பணம் குறைந்த வீட்டில் வேகமாகக் குறைந்தது. ஏன்?

வங்கதேசத்தில் மலிவான சில பொருள்களும் சில செய்திகளும் பெண்களின் கையால் பெண்களின் வாசலுக்கே கொண்டு செல்லப்பட்டன என்பதே இக்கட்டுரை கண்ட விடை. அந்த வழிமுறை எங்கே வேலை செய்தது, எங்கே நின்றுபோனது என்பதைக் காலவரிசையில் பார்க்கலாம்.

தொடக்கம் பேரழிவில் இருக்கிறது. 1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு வங்காள விரிகுடாவில் இருந்து வந்த புயல், இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானின் கடலோரத்தில் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டு விடுதலைப் போர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். விடுதலை பெற்ற மூன்றாம் ஆண்டில், 1974இல், பஞ்சம். கையில் நிதியும் இல்லாமல், நிர்வாகமும் நிலைகொள்ளாமல் இருந்த அந்த அரசு, தன்னார்வ அமைப்புகளை நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் போகவிட்டது. தடுக்கும் வலிமை அதற்கு இல்லை என்பதும் உண்மை. 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் பிராக் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜஃப்ருல்லா சௌத்ரி டாக்காவுக்கு அருகே சாவாரில் கணசாஸ்திய கேந்திராவை நிறுவி, கிராமத்துப் பெண்களுக்கு அடிப்படை மருத்துவப் பயிற்சி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்.

இந்த வரலாற்றின் மையம் ஒரு குவளைத் தண்ணீர். காலராவிலும் கடும் வயிற்றுப்போக்கிலும் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. உப்போடு சர்க்கரை சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவை 1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளிடம் சோதித்து உறுதிசெய்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே, சேற்றிலும் நெரிசலிலும் அது பயன்படும் என்று காட்டியது இந்திய மண். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கொல்கத்தாவில் எடைபோட்டுப் பொட்டலமாகக் கட்டிவரச் செய்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023இல், மறைவுக்குப் பிறகு.

அந்த அறிவை ஒவ்வொரு தாயின் கைக்கும் கொண்டுபோன வேலையை வங்கதேசமே செய்தது. 1980 முதல் 1990 வரை பிராக்கின் பெண் பணியாளர்கள் ஊர் ஊராக நடந்து, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் உப்பு-வெல்லக் கரைசலைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும். சில நாள் கழித்து வேறொருவர் வந்து அதே தாய்மாரில் சிலரைக் கேள்வி கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ அதற்கேற்பத்தான் கற்பித்தவருக்கு ஊதியம். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்பது கணக்கில் வராது. இந்த ஊதிய ஏற்பாடே திட்டத்தின் உயிர் என்று கருதுகிறேன். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் கொடுத்ததைத்தான் எண்ணும். போய்ச் சேர்ந்ததை எண்ணுவது அரிது. தொடக்கத்தில் கற்றவர்களிலும் பலர் அதைப் பயன்படுத்தவில்லை. வீட்டு ஆண்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும், சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். 2014இல் வயிற்றுப்போக்கு கண்ட வங்கதேசக் குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைத்தது. மகலனோபிஸின் நாட்டில் 2015–16இல் அந்த எண் 51.

குடும்பக் கட்டுப்பாட்டில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1952இலேயே அரசுத் திட்டமாக அதைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும், எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. மக்கள் அரசுப் பணியாளரைக் கண்டு ஓடினார்கள். அதன்பின் அந்தச் சுமை முழுவதும் பெண்களின் அறுவைச் சிகிச்சை மேல் விழுந்தது. அதே ஆண்டுகளில் தொடங்கி, வங்கதேசம் படிப்படியாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களைக் குடும்ப நல உதவியாளர்களாக நியமித்தது. பர்தா வழக்கத்தால் வெளியே வர முடியாத பெண்களுக்கு அவர்கள் மாத்திரையையும் ஆணுறையையும் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எதையும் மறைக்க வேண்டியதில்லை: அங்கும் எண்பதுகளில் கருத்தடை அறுவைக்குப் பணமும் சேலையும் கொடுத்து ஏழைகளை இழுத்தார்கள் என்ற கண்டனம் எழுந்தது. ஆனால் திட்டத்தின் முதுகெலும்பு அந்த வீட்டு வருகைதான். 1975இல் ஒரு பெண்ணுக்கு 6.3 குழந்தைகள் என்றிருந்த நாடு, 1993–94இல் 3.4க்கு வந்து அன்றைய இந்தியாவோடு சமமாக நின்றது.

1982இன் மருந்துக் கொள்கையும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. ஜஃப்ருல்லா சௌத்ரியின் முயற்சியால், தேவையற்றவை, தீங்கானவை என்று ஏறத்தாழ 1,700 மருந்துகள் பட்டியலிடப்பட்டு விலக்கப்பட்டன. உள்நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்தது. அதைக் கொண்டுவந்தது ஓர் இராணுவ ஆட்சி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கழிப்பறை விஷயத்துக்கு வருவோம். 1990இல் வங்கதேசத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர் திறந்தவெளிக்குச் சென்றார்கள். இந்தியரில் நான்கில் மூன்று பங்கினர். 2015இல் வங்கதேசத்தில் நூற்றுக்கு ஒருவர், இந்தியாவில் 44 பேர். வங்கதேசம் கட்டியவை ஆடம்பரமானவை அல்ல. குழி தோண்டி, சிமெண்டு உறை இறக்கி, மேலே ஒரு பலகைக்கல் வைத்த எளிய கழிப்பறைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டி, ராஜ்ஷாகி மாவட்டத்தின் மோஸ்மொயில் கிராமத்தில், இந்தியரான கமல் கர் ஊர்மக்களையே கூட்டித் தங்கள் ஊரின் மலம் எங்கே போகிறது என்று படம் வரையச் செய்தார். மானியம் இல்லாமலே ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய முறை அது. வட இந்தியாவில் அதே எளிய குழி ஏன் ஏற்கப்படவில்லை? டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் தங்கள் ஆய்வில் சொன்ன காரணம் சாதி. நிறைந்த குழியை யார் அள்ளுவது என்ற கேள்வி அங்கே தீண்டாமையோடு பிணைந்தது. வீட்டருகே மலக்குழி இருப்பதே தீட்டு என்ற எண்ணம், பணம் உள்ளவரையும் வயலுக்கே அனுப்பியது. இந்தியக் குழந்தைகளின் உயிரோடும் உயரத்தோடும் சாதி விளையாடிய கொடுமை இது. இதை வெறும் வசதிக் குறைவு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் கோடிக்கணக்கான கழிப்பறைகளைக் கட்டியது. நிலைமை பெரிதும் மாறியது. ஆனாலும் 2019–21 ஆய்வில் நூற்றுக்கு 19 வீட்டினர் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை.

பெண்ணின் கைக்குக் காசு வந்ததும் இதே காலத்தில்தான். வங்கதேசத்தின் தேஷ் ஆடை நிறுவனம் 1979இல் 130 பேரைத் தென்கொரியாவின் பூசானுக்குத் தையல் ஆலைப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கிருந்து முளைத்த தொழிலில் பின்னாளில் சுமார் நாற்பது லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், வேலை செய்தார்கள். அதன் போட்டியைத் திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். 2016–17இல் வங்கதேசப் பெண்களில் 36 விழுக்காட்டினர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். 2017–18இல் இந்தியப் பெண்களில் 23 விழுக்காட்டினர்.

இனி மறுபக்கம். அசுத்தமான குளத்து நீரில் இருந்து குழந்தைகளைக் காக்க எழுபதுகளில் அடிபம்புகள் வங்கதேசமெங்கும் இறக்கப்பட்டன. அந்த நீரில் ஆர்சனிக் இருந்தது. மேற்கு வங்கத்தில் 1983இலேயே நோய் கண்டறியப்பட்டிருந்தும், வங்கதேசத்தில் அது உறுதியானது 1993இல். பிறகு சுமார் ஐம்பது லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். ஏறத்தாழ பதினான்கு லட்சம் சிவப்பாயின. 2013 ஏப்ரல் 24இல் ராணா பிளாசா என்ற தையல் ஆலைக் கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். வேலை இருந்தது, வேலையிடத்தில் உயிருக்குக் காவல் இல்லை.

இன்னொன்று, திருமண வயது. 1994 முதல் கிராமத்துப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை தரப்பட்டது. திருமணமாகாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பள்ளிகள் பெண்களால் நிறைந்தன. ஆனாலும் 2017–18இல், 20 முதல் 24 வயதுக்குட்பட்ட வங்கதேசப் பெண்களில் 59 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். இந்தியாவில் 2019–21இல் அது 23. வாசலுக்கு வந்த பணியாளரால் மாத்திரை கொடுக்க முடிந்தது. திருமணத்தை முடிவுசெய்யும் பெரியவர்களின் சொல்லை அவரால் தடுக்க முடியவில்லை.

மருத்துவமனை என்று வந்தால் வங்கதேசத்தவர் பலரின் வழி வேலூருக்குப் போனது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளும், மீன்குழம்பு கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகளும், மாதக்கணக்கில் தங்கும் விடுதிகளும் அந்த நாட்டு நோயாளிகளையும் நம்பி வளர்ந்தவை. வங்கதேசத்தில் 2024இல் நடந்த ஆட்சி மாற்றத்துக்குப் பின் விசா கிடைப்பது கடினமாகும்வரை, இந்தியாவுக்குச் சிகிச்சைக்கு வந்த வெளிநாட்டவரில் பெரும்பகுதி அவர்களே. வங்கதேசத்தின் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குடும்பங்கள் தம் கையில் இருந்தே கொடுக்கின்றன. பேதியில் இருந்து பிழைத்த குழந்தை வளர்ந்து இதயநோயாளியானால், நிலத்தை விற்றுத்தான் ரயிலேற வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. இந்தியா ஒரே எண்ணில் அடங்காது. 2015–16இல் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு உத்தரப் பிரதேசத்தில் 64, பீகாரில் 48, மேற்கு வங்கத்தில் 27, தமிழ்நாட்டில் 20. 2014இல் வங்கதேசத்தில் 38. ஒரே மொழி பேசும் மேற்கு வங்கம் வங்கதேசத்தைவிட நன்றாகவே இருந்தது. ஆகவே வங்கதேசம் முந்தியது இந்தியாவின் சராசரியை; அதாவது கங்கைச் சமவெளியின் சுமையை. எல்லைக்கோட்டில் இன்னொரு சான்றும் இருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவு வரை, ஒரு நாட்டுக்குள் மற்ற நாட்டின் துண்டு நிலங்களாக 162 சிட்மகல்கள் கிடந்தன. அங்கே எந்த அரசின் பணியாளரும் போகவில்லை. மின்சாரம் இல்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அடுத்த ஊர் முகவரியைப் பொய்யாகக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரும் வாசலுக்கு வராத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு அவைதாம் சான்று.

இப்போது கேள்வி இடம் மாறியிருக்கிறது. 2022இல் வங்கதேசத்தில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 31. அவர்களில் 20 பேர் பிறந்த முதல் மாதத்திலேயே இறப்பவர்கள். இந்தியாவில் 2019–21இல் 42 பேரில் 25 பேர். இந்தச் சாவுகளை வெல்லமும் உப்பும் தடுக்காது. குறைப்பிரசவக் குழந்தைக்குச் சூடும் மூச்சும் தர இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலியர் வேண்டும். 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா என்ற பிரசவ உதவித் திட்டத்தாலும் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களாலும் இந்தியாவில் 2019–21இல் நூற்றுக்கு 89 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. வங்கதேசத்தில் 2022இல் 65தான், ஆனால் மொத்தப் பிரசவங்களில் 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சை, அதில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில். ஒரு நாடு தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கே போதிய கவனிப்பைத் தராமல் இருக்கிறது. இன்னொன்று கவனிப்பை விலைக்கு விட்டிருக்கிறது. அடுத்த ஆய்வுகளில் இரு கோடுகளும் எப்படித் திரும்பும் என்பதை மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும்.