இயக்கி: ஓர் உருவில் இரு சொற்கள்

டாம்கேட் போன்ற பயன்பாட்டு வழங்கியில் புதிய செயலி ஒன்றை ஏற்றுகிறோம். தரவுத்தளத்தை அது முதன்முறை நாடும்போதே நின்றுவிட்டால், பதிவுக்கோப்பில் அடிக்கடி காணக் கிடைப்பது ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்னும் வரி. தமிழில் ‘ஏற்ற இயக்கி இல்லை’ என்று சொல்லலாம். இணைப்பு ஏன் அறுந்தது என்று தேடுவோர் விரைந்து கடந்துபோகும் இந்த வரியில், சொல்லை நேசிக்கும் நமக்கு ஒரு சிறு புதையல் இருக்கிறது. இயக்கி என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஓர் உருவத்துக்குள் குடியிருப்பது தெரியும்.

ஆங்கிலத்தில் டிரைவர் என்பது பழைய ஆங்கிலத்தில் செலுத்துதலைக் குறித்த வினைச்சொல்லிலிருந்து வந்தது. மந்தையை முன்னே செலுத்தியவர் பின்னர்க் குதிரை வண்டியைச் செலுத்தினார், அதன்பின் எந்திரத்தைச் செலுத்தினார், இறுதியில் அந்தப் பெயர் ஆளை விட்டுவிட்டு, கணினிக்குள் அச்சுப்பொறியை வேலைசெய்ய வைக்கும் நிரலுக்கு ஏறிக்கொண்டது. நம்மிடம் அதே பாதையில் நடந்த சொல் ஓட்டு: மாடு ஓட்டினோம், ஏர் ஓட்டினோம், வண்டி ஓட்டினோம், பேருந்தில் அமர்ந்திருப்பவர் ஓட்டுநர். அப்படியிருந்தும் கணினிக்கு வந்தபோது கலைச்சொல் ஆக்கியோர் ஓட்டியைக் கொள்ளாமல் இயக்கியைக் கொண்டது நல்ல தேர்வு. ஓட்டுதலுக்குள் துரத்துதலும் அடங்கும். காக்கை ஓட்டுகிறோம், பேயை விரட்டுபவரைப் பேயோட்டி என்கிறோம். தரவை ஓட்டும் நிரல் தரவைத் துரத்தும் நிரலாகக் காதில் விழுந்துவிடும்.

இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. இறங்கு இறக்கு ஆவதும், அடங்கு அடக்கு ஆவதும், மயங்கு மயக்கு ஆவதும் போலவே, நடுவில் நின்ற மெல்லெழுத்து வல்லெழுத்தாக இறுகியதும் செயல் தன்னிடமிருந்து கிளம்பிப் பிறிதொன்றின்மேல் போய் விழுகிறது. ‘ங்கு’ என்று மூக்கில் தங்கி ஒலித்தது ‘க்கு’ என்று தெறிக்கும்போது, பொருளில் நேர்ந்த மாற்றத்தை ஒலியே நடித்துக்காட்டுவதாக எனக்குத் தோன்றும். இய என்னும் அடியில் செல்லுதல் உண்டு. வழியைக் குறித்த இயவு என்ற பழஞ்சொல் அந்தக் குடும்பத்தது, நிலைத்திணைக்கு எதிராக நிற்கும் இயங்குதிணையும் அதே குடும்பம். அதன்மேல் மூடி, விசிறி ஆகியவற்றில் காணும் இகரம் ஏற, இயக்குவது இயக்கியாயிற்று. ஒலிபெருக்கி, தொலைபேசி, குளிரூட்டி என இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் தன் கருவிகளுக்கெல்லாம் பெயர்சூட்டப் பயன்படுத்திய அதே இகரம்தான் இது. ஆளைக் குறிக்க ‘நர்’ வந்து இயக்குநர் ஆகும். திரைப்படத்துக்கு இயக்குநர், கணினிக்கு இயக்கி என்று உயர்திணையையும் அஃறிணையையும் ஒரு விகுதியால் பிரித்துவைத்த நேர்த்தியைப் பாருங்கள்.

இது ஒரு சொல். மற்றொரு சொல், இந்த உருவில் பன்னூறாண்டு முன்பே தமிழில் வாழ்ந்தது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாதரி, மதுரையின் புறத்தே கோயில்கொண்ட இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கவுந்தியடிகளைக் காண்கிறாள். கண்ணகி மாதரியிடம் அடைக்கலமாகிறாள். அந்த இயக்கி இயங்குதலோடு தொடர்பில்லாதவள். வடக்கிலிருந்து வந்த யட்சி அவள். சொல்லின் முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பிய நெறி; ஆகவே யகர அகரம் தமிழ் வாயிலில் தயங்கி நின்று, முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே வந்தது. யமன் இயமனானதும், யந்திரம் இயந்திரமானதும் இதே வாயில் வழியாகத்தான். இயந்திரம் இயங்குகிறதல்லவா, ஆகவே அது இயங்கு என்ற வேரிலிருந்து பிறந்தது என்று பலர் நம்புவதுண்டு. ஓசை ஒத்துப்போன அழகே தவிர வேர் வேறு.

சமணத்தில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் காவலாக ஓர் இயக்கனும் ஓர் இயக்கியும் உண்டு. கழுகுமலைப் பாறைப் புடைப்புகளில் அம்பிகா இயக்கியை இன்றும் காணலாம். சமணம் தென்தமிழகத்தில் மெலிந்தபின்னும் பெயர் சாகவில்லை. உயிர் உசிராகி, முயல் முசலாகி, நெய்தல் தொழில் நெசவாகிய அதே மக்கள் நாவில் யகரம் சகரமாக, இயக்கி இசக்கியானாள். திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் இசக்கியம்மன் கோயில் இல்லாத வட்டாரம் அரிது. பள்ளி வருகைப்பதிவேட்டில் இசக்கிமுத்துவும் இசக்கியம்மாளும் இடம்பெறாமல் இருப்பதும் அரிது. பேச்சுமொழி தெய்வத்துக்கு இசக்கி என்ற தனி உருவைத் தந்துவிட்டதால்தான், காலியான இயக்கி என்ற இருக்கையில் கணினி நிரல் மோதலின்றி வந்து அமர முடிந்தது என்று எண்ணுகிறேன்.

இனி, அந்த நிரல் உண்மையில் எதை இயக்குகிறது? செயப்படுபொருள் கேட்கும் வினையிலிருந்து பிறந்த பெயராதலால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அச்சுப்பொறியின் இயக்கி அச்சுப்பொறியை இயக்குகிறது. தரவுத்தளமோ தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் இயக்கி செய்வதெல்லாம், ஜாவா மொழியில் செயலி கேட்பதை அந்தத் தரவுத்தளத்துக்கு மட்டுமே புரியும் பரிமாற்ற நெறிக்கு மாற்றி அனுப்பி, வரும் விடையைத் திரும்ப மாற்றித் தருவதுதான். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்தாரே, இரு மொழிகளுக்கு நடுவே நின்று மாற்றிச் சொல்லும் துபாசி வேலை, அது இது. பொருளளவில் துபாசியே பொருந்தும் என்பேன். எனினும் 1997-இல் ஜாவா 1.1 பதிப்போடு தரவுத்தள இணைப்புக்கான ஜேடிபிசி இடைமுகம் வந்தபோது ஆங்கிலம் டிரைவர் என்றே கொண்டது, தமிழும் அதைத் தொடர்ந்தது. ஜேடிபிசி என்ற பெயரையே, அது சுருக்கப்பெயர் அன்று, வணிகக்குறி என்று ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் எழுதிவைத்திருந்தது. எல்லோரும் ‘ஜாவா டேட்டாபேஸ் கனெக்டிவிட்டி’ என்றே விரித்துப் படித்தார்கள்.

மாற்றிப் பேசும் வேலை என்று உணர்ந்துவிட்டால், ‘ஏற்ற இயக்கி இல்லை’ என்பதில் ‘ஏற்ற’ என்ற அடையின் கனம் விளங்கும். இயக்கிகளின் மேலாளர் தன்னிடம் பதிவான ஒவ்வோர் இயக்கியிடமும் இணைப்பு முகவரியைக் காட்டி, இது உன் மொழியா என்று கேட்கிறது. இல்லையென்றால் அந்த இயக்கி வெறுமையைத் திருப்பித் தரும், மேலாளர் அடுத்ததிடம் கேட்கும். ‘ஜேடிபிசி:மைசீக்வல்:’ என்று தொடங்கவேண்டிய முகவரியில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தால், இயக்கி கண்ணெதிரே இருந்தும் ஏற்கும் இயக்கி இராது. அப்போது இயக்கி அடங்கிய ஜார் கோப்பைத் தேடி அலைவது வீண். முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும். ‘வகுப்பு காணவில்லை’ என்றால் கோப்பே இல்லை அல்லது பெயர் பிசகு. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால் இயக்கி தன் பணியைத் தொடங்கிவிட்டது, மறுமுனையில் கதவு திறக்க யாருமில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2006-இல் வந்த ஜாவா 6 முதல் இயக்கிகள் தாமே பதிவாகிக்கொள்கின்றன. ஆனால் டாம்கேட், தான் எழும்போது தன் பொது நூலகமான ‘லிப்’ கோப்புறையைத்தான் பார்க்கும். செயலியின் ‘வெப்-இன்ஃப்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘லிப்’பில் வைத்த இயக்கி அதன் கண்ணுக்குத் தெரியாது. கோப்பைப் பொது நூலகத்துக்கு மாற்றி வழங்கியை மறுபடி எழுப்பவேண்டும், அல்லது செயலியே இயக்கியின் வகுப்பைப் பெயர்சொல்லி அழைக்கவேண்டும். அந்தப் பெயரும் மாறக்கூடியது: மைசீக்வல் இயக்கியின் எட்டாம் பதிப்பில் ‘காம்.மைசீக்வல்.ஜேடிபிசி.டிரைவர்’ என்பதன் நடுவே ‘சிஜே’ புகுந்து, ‘காம்.மைசீக்வல்.சிஜே.ஜேடிபிசி.டிரைவர்’ ஆயிற்று. பழைய பெயரால் அழைத்தாலும் அது வரும். புதிய பெயர் இதுவென்று பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடரும்.