ஊழியம் என்பது முறைவேலை

காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தைச் சுற்றி, சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களின் சுவர்களில் ஒரே சொல் இரண்டு கோலத்தில் நிற்கிறது. ஆலைக்கு ஆள் எடுக்கும் தாள் 'ஊழியர்கள் தேவை' என்கிறது. பக்கத்திலேயே ஜெபக்கூட்டச் சுவரொட்டி 'தேவ ஊழியர்' வருகிறார் என்கிறது. முதல் ஊழியர் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வரிசையில் நுழைகிறவர். இரண்டாமவர் மாலை போட்டு மேடையேற்றப்படுகிறவர். ஒரு சொல் இவ்வளவு தூரம் பிரிந்து போனது எப்படி என்று கேட்டால், மேடையில் ஒரு விடை தயாராக இருக்கிறது: 'ஊழி' வரைக்கும் நிற்கிற வேலை என்பதால் அது ஊழியமாம், உலக வேலை ஓய்வுபெறுகிற வயதோடு முடிந்துவிடுமாம்.

இது சொல்லாராய்ச்சி அல்ல, பிரசங்கம். ஊழிக்கும் ஊழியத்துக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். அதற்காக ஒன்று மற்றொன்றின் தாயாகிவிடாது. ஊழி முடியும்வரை ஒருவரே செய்யும் வேலை என்ற பொருள் எந்தப் பழைய வழக்கிலும் இல்லை. அதைவிட மோசம், அந்தப் பொருள் சொல்லையே தலைகீழாக்கிவிடுகிறது.

படித்தவர்களிடம் செல்வாக்குள்ள இன்னொரு கட்சி உண்டு. பழந்தமிழில் பக்கத்தில் நிற்கும் ஏவலாளர் 'உழையர்'. உழை என்றால் பக்கம், அருகு. உழையர்தான் ஊழியர் ஆனார் என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அண்டை மொழிகளைக் கேட்டால் வாதம் நொறுங்கிவிடும். கன்னடத்தில் ஊளிக, தெலுங்கில் ஊடிகம், மலையாளத்தில் ஊழியம். நான்கு மொழியிலும் முதலெழுத்து நெடில். தமிழின் ழகரம் கன்னடத்தில் ளகரமாகவும் தெலுங்கில் டகரமாகவும் வருவது கோழி–கோளி–கோடி, ஏழு–ஏளு–ஏடு என்ற வரிசைகளில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்குப்படியே இந்தச் சொல்லும் நடக்கிறது. குறில் உகரத்து உழையருக்கு இந்தக் குடும்பத்தில் இடமில்லை.

அப்படியானால் வேர் எது? 'ஊழ்'. விதி என்று இன்று நாம் புரிந்துகொள்ளும் ஊழ் அல்ல, அதற்கும் மூத்த ஊழ். அதன் பொருள் முறை, வரிசை. திருக்குறளின் ஊழ் அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர், அச்சொல்லுக்கு நிகராக அடுக்கும் சொற்களில் 'முறை'யும் ஒன்று. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டிலும், ஊழ் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் 'முறை'தான் நிற்கிறது. வள்ளுவரே 650ஆம் குறளில் மலர்வதை ஊழ்த்தல் என்கிறார். பூ தன் முறை வந்தபோது விரிகிறது. ஊழ்வினை தன் முறை வந்தபோது பயன் தருகிறது. விதி என்ற பொருள் அங்கிருந்து கிளைத்ததுதான்.

தமிழில் மங்கிய அந்தப் பொருளை மலையாளம் அப்படியே காத்துவைத்திருக்கிறது. ஒருவருடைய 'டர்ன்' வருவதை இன்றும் அங்கே ஊழம் என்கிறார்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் பீமனை நாயகனாக்கி எழுதிய 'ரண்டாமூழம்' நாவலின் தலைப்பில் இருப்பது அதுவே: இரண்டாவது முறை, இரண்டாவதாகக் காத்து நிற்பவனின் முறை. ஊழம் முறை என்றால், ஊழியம் முறைக்குச் செய்யும் பணி. கோயில் பூசையில் 'முறைக்காரர்' என்ற சொல் இன்னும் சாகவில்லை; இன்றைக்கு யார் முறை என்று கேட்டுத்தான் அங்கே திருப்பணி நடக்கிறது.

முறை எப்போதும் தானாக விரும்பி ஏற்றதாக இருந்ததில்லை. அரசர்கள் அதைக் கட்டாயமாக்கினார்கள். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு 'வெட்டி' என்று பெயர். கூலியில்லாமல் ஊருக்கும் அரசுக்கும் செய்யவேண்டிய உழைப்பு. (வடமொழி விஷ்டியோடு அதை இணைப்பார்கள். இன்று 'வெட்டியாக இருக்கிறான்' என்று திட்டும்போது, கூலி கிடைக்காமல் உழைத்தவர்களின் சொல்லை உழைக்காதவன்மேல் எறிகிறோம்.) ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் சோனகரிடமும் செட்டிகளிடமும் கட்டாயமாக வாங்கிய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். கன்னடத்தில் நிலவுடைமைக்கால அமைப்பை இன்றும் 'ஊளிகமான்ய' என்றுதான் எழுதுகிறார்கள்.

திருவிதாங்கூரில் இச்சொல்லின் கசப்பு இன்னும் அதிகம். நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள் கூலியின்றிச் செய்ய நேர்ந்த வேலை அங்கே ஊழியம் என்றே அழைக்கப்பட்டது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு தென்திருவிதாங்கூரில் சபைகள் முளைத்தன. ஊழியத்துக்கு அழைக்கும் ஆள் ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். 1810களில், கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறுகளில் அந்த வேலையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆக, அந்தச் சபைகளின் முதல் தலைமுறைக்கு ஊழியம் என்பது ஆராதனைக்குப் போகவிடாமல் தடுத்த வேலை.

அந்தச் சொல்லைத்தான் விவிலியம் பெயர்த்தவர்கள் கர்த்தருக்குச் செய்யும் பணிக்கு எடுத்தார்கள். பவர் ஐயரின் குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பில் இது எங்கும் நிறைந்திருக்கிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் பெரியவனாக விரும்புகிறவனுக்கு ஒரு சொல், முதல்வனாக விரும்புகிறவனுக்கு இன்னொரு சொல் என்று கிரேக்கம் படியிறங்குகிறது. முந்தையதற்குப் 'பணிவிடைக்காரன்' என்றும், அதற்கும் கீழான அடிமைக்கு 'ஊழியக்காரன்' என்றும் பவர் ஐயர் பதிப்பு எழுதுகிறது. பவுல் ரோமருக்கு எழுதும்போது தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதே கிரேக்க அடிமைச்சொல் அங்கே ஊழியக்காரன். பிலிப்பியரில் கிறிஸ்து எடுத்த ரூபத்தைச் சொல்லும்போது அடிமை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சொல்லின் தாழ்ந்த இடம் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தார்கள்.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு தொண்டு, பணியாளர் என்று மாறிக்கொண்டது. குறை சொல்ல முடியாது. இரண்டும் நல்ல தமிழ். பணி என்ற ஒரே சொல்லில் குனிவதும் உழைப்பதும் சேர்ந்தே இருக்கின்றன; பணிவு வேறு பணி வேறு என்று தமிழ் பிரிக்கவில்லை. தொழுவதும் தொழிலும் தொழும்பும் அப்படியே. தொண்டின் வரலாறு இந்த மண்ணுக்கே நெருங்கியது. கத்தோலிக்கர் குருவுக்கு முந்தைய படியில் இருப்பவரைத் 'திருத்தொண்டர்' என்று அழைப்பது குன்றத்தூர்ச் சேக்கிழார் தம் புராணத்துக்கு வைத்த சொல்லால். அந்தப் புராணத்தில் காஞ்சிபுரத்து வண்ணார் ஒருவர் அடியார்களின் துணியை வெளுத்தே திருக்குறிப்புத்தொண்டர் ஆகிறார். பெரிய வியாழனன்று குரு பன்னிருவரின் காலைக் கழுவுவதைப் பார்க்கும் காஞ்சி வட்டாரத்துத் தமிழனுக்கு அந்தச் செயல் அந்நியமாகத் தெரியாது. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் கைங்கர்யமும் அடியேனும் வீட்டுச் சொற்கள்.

தாழ்மைக்கும் சபைக்கொரு சொல் உண்டு. கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்பார்கள், சீர்திருத்தச் சபையார் 'தாழ்மை' என்பார்கள். பேச்சைக் கேட்டே வீட்டின் ஞானஸ்நானப் பதிவேடு எந்தக் கோயிலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தாழ்ந்த வேலையின் பெயரே பெருமையானதும் உண்டு. தென்மாவட்டங்களில் கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கேற்றியவருக்குக் 'கோயில்பிள்ளை' என்று பெயர். அந்த வேலையின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு, பின்னால் குடும்பப் பெயராகவும் பெருமையோடு சுமந்தார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவம் பெற்றெடுத்த பெயர்களில் இதைவிட உயர்ந்தது இல்லை.

ஆனால் தொண்டும் பணியும் கைங்கர்யமும் தராத ஒன்றை ஊழியம் தருகிறது. அது முறை. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் சகரியா என்ற ஆசாரியர் வருகிறார். அபியா வகுப்பைச் சேர்ந்தவர். தாவீது காலத்தில் ஆசாரியர்கள் இருபத்துநான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டதை முதலாம் நாளாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முறை. பவர் ஐயர் பதிப்பில் அந்த இடத்தில் 'முறை'யும் 'ஊழிய'மும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்கின்றன. சகரியாவின் முறை முடிந்தது, வீட்டுக்குப் போனார், அடுத்த வகுப்பு வந்தது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது லெய்த்தூர்கியா. ஏதென்ஸில் வசதியுள்ள குடிமகன் தன் செலவில் ஊருக்குச் செய்துமுடிக்கவேண்டிய கடமையின் பெயர் அது. ஊழியத்தைத் தவிர வேறெந்தத் தமிழ்ச்சொல்லும் அந்த இடத்தில் இத்தனை பொருந்தியிருக்காது.

2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடத்தில் ஆலைகள் ஓடத் தொடங்கியபின் இந்த ஊர்களின் நாளே ஷிப்டால் அளக்கப்படுகிறது. ஷிப்டுக்குப் பழந்தமிழ் கேட்பவர்களுக்கு ஊழ் என்று தயங்காமல் சொல்லலாம். ஊரில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் விட்டுவந்த மிஷினில், அதே பஸ்ஸில் ஏறுகிறவன் கைவைக்கிறான். மிஷின் இருவருக்கும் சொந்தமில்லை. வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை, மேலே சொன்ன மத்தேயு அதிகாரத்தின் ஊழியச் சொல்லையே தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. அங்கே நள்ளிரவில் நோயாளியின் படுக்கையை மாற்றும் நர்ஸும் முறைக்கு வந்தவர், காலையில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறவர். ஞாயிறு காலை ஷிப்ட் விழுந்ததால் மாலை ஆராதனைக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் பாய் சுருட்டும் தொழிலாளி இரண்டு பொருளிலும் ஊழியர். தன் பெயரைச் சபையின் பெயராக்கி, நாற்காலியை மகனுக்கு எழுதிவைப்பவருக்கு அந்தச் சொல் ஒரு பொருளிலும் பொருந்தாது. அவரிடம் முறையே இல்லை.

அகராதிகள் ஊழியத்துக்குத் தெய்வத்துக்கும் குருவுக்கும் மேலோருக்கும் செய்யும் தொண்டு என்றும், அடிமைவேலை என்றும் பொருள் எழுதுகின்றன. இரண்டும் பின்னால் வந்தவை. இனி அகராதி திருத்துகிறவர் 'முறைக்குச் செய்யும் பணி' என்பதை முதற்பொருளாக வைக்கவேண்டும்; அதற்குச் சான்றாக மலையாள ஊழத்தையும் லூக்காவின் சகரியாவையும் அருகருகே காட்டலாம். உழையர் கட்சியார் மறுக்க விரும்பினால், நான்கு மொழிகளிலும் நிற்கும் அந்த ஊகாரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லட்டும்.