விடைக்குறிப்பு இல்லாத தேர்வு

உணர்வுசார் நுண்ணறிவு என்ற சொல் 1964-லேயே மைக்கேல் பெல்டாக் எழுத்தில் தலைகாட்டியது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதற்கு வரையறை கொடுத்தார்கள்: தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கவனிப்பது, பிரித்தறிவது, அந்த அறிவைக் கொண்டு யோசித்து நடப்பது. அடக்கமான வரையறை. இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஐந்தே ஆண்டில் சொல் கைமாறியது. நியூயார்க் டைம்ஸில் எழுதிவந்த டேனியல் கோல்மன் 1995-இல் அதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் போட்டார். விடாமுயற்சி, உற்சாகம், சுயக்கட்டுப்பாடு எல்லாம் அந்த ஒரே பைக்குள் வந்து விழுந்தன. டைம் இதழின் அட்டைக்கும் போனது. பிறகு நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகள். தமிழில் சோம. வள்ளியப்பன் இதை 'இட்லியாக இருங்கள்' என்ற நூலில் விளக்கினார்.

ஆய்வுக்கூடத்தில்தான் வழி அடைத்துக்கொண்டது. கணக்குத் தேர்வுக்கு விடைக்குறிப்பு உண்டு. ஒரு முகத்தைக் காட்டி, இதில் வருத்தம் எவ்வளவு என்று கேட்டால், சரியான விடையை யார் எழுதுவது? மேயர், சலோவி, டேவிட் காருசோ மூவரும் 2002-இல் வெளியிட்ட 141 கேள்வித் தேர்வில் இரண்டு வழி வைத்தார்கள். ஏறத்தாழ 5,000 பேரில் எவ்வளவு பேர் உங்கள் விடையையே சொன்னார்களோ, அந்த அளவுக்கு மதிப்பெண். அல்லது உணர்ச்சிகளை ஆராயும் 21 வல்லுநர்களின் தீர்ப்பு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அந்த ஒற்றுமைதான் எனக்கு உறுத்துகிறது. ஊரே சிரிப்பு என்று பார்க்கிற முகத்தில் மறைந்திருக்கும் பயத்தை ஒருத்தி கண்டுகொண்டால், அவளுக்கு மதிப்பெண் குறையும். கூர்மையானவர்களைத் தேடிப் புறப்பட்ட கருவி, ஊரோடு ஒத்துப்போகிறவர்களோடு திரும்பி வருகிறது.

2005-இல் உளவியலாளர் எட்வின் லாக் உணர்வுசார் நுண்ணறிவையே செல்லாத கருத்து என்று எழுதினார். உணர்ச்சியைப் பற்றி யோசிப்பதும் பொது அறிவுத்திறனின் வேலைதான் என்பது அவர் வாதம். 2010-இல் டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முகத்தில் உணர்ச்சியை வரவழைத்தும் அடக்கியும் செய்யவேண்டிய வேலைகளில் இந்தத் திறன் கைகொடுத்தது. அப்படித் தேவைப்படாத வேலைகளில் அதுவே பாதகமாகவும் தெரிந்தது.

விடைக்குறிப்பை ஊரிடம் கேட்காமல் கோட்பாட்டிடம் கேட்கவும் முயன்றார்கள். கரோலின் மெக்கேனும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் 2008-இல் அமைத்த தேர்வு ஒன்றில், எந்தச் சூழலில் எந்த உணர்ச்சி எழும் என்று கோட்பாடு சொல்வதே சரியான விடை. அதன்படி, வேண்டாதது விலகினால் நிம்மதி. ஆனால் நீண்ட நாள் படுக்கையில் கிடந்த தாய் கண்மூடிய இரவில், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மகள் எந்தக் கட்டத்தில் குறியிடுவாள்?