தூலாபும் நடுநிலையும்

நீரிழிவு நோய்க்கு அரபு மருத்துவர் வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘தூலாப்’. நீரிறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். ‘ஸலகுல் குல்யா’, அதாவது சிறுநீரகத்தின் வழுக்கல், என்பது மற்றொன்று. இவ்விரு பெயர்களையும் இப்னு ஸீனா (கி.பி. 980-1037) தமது ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூலில் குறித்துள்ளார். குடித்த நீர் உடலில் தங்காது வெளியேற, நோயாளி மீண்டும் தாகித்துக் குடிக்கும் ஓயாச் சுழற்சியை இப்பெயர்கள் நம் கண்முன் நிறுத்துகின்றன.

பெயர் கிடைத்தது; சக்கரத்தை அடக்கும் வழியோ பல நூற்றாண்டுகள் கிட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உணவைக் கடுமையாகக் குறைத்துப் பட்டினியிடுவதே மருத்துவமாக இருந்தது. 1922 ஜனவரி 11-இல் கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்ஸனுக்குக் கணையச் சாறு ஊசி வழி செலுத்தப்பட்டது. சாறு தூயதாக இல்லாமையால் ஊசியிட்ட இடம் கட்டியாயிற்று. காலிப் என்னும் அறிஞர் அதனைத் தூய்மைப்படுத்தித் தர, ஜனவரி 23-இல் மீண்டும் செலுத்தினர். சர்க்கரை தணிந்தது. அச்சிறுவன் 1935 வரை வாழ்ந்தான்.

இன்சுலின் கிட்டியபின் வேறொரு வினா எழுந்தது. மருத்துவமனையில் கிடப்போரின் சர்க்கரையை எவ்வளவுக்குக் குறைக்கலாம்? காய்ச்சல், அறுவை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதனை உயர்த்தும். உயர்ந்த சர்க்கரையோ புண் ஆறுவதைத் தடுத்துக் கிருமிகளுக்கு இடங்கொடுக்கும். 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவைக்குப்பின் தீவிர சிகிச்சையிலிருந்த 1548 பேரை ஆராய்ந்தனர். 80 முதல் 110 மி.கி. அளவில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களிடையே அப்பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாய்க் குறைந்தது. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. பல மருத்துவமனைகள் அவ்வழியைப் பின்பற்றின.

ஆனால் 2009-இல், பல நாடுகளில் 6104 நோயாளிகளிடம் நடந்த பேராய்வு வெளியாயிற்று. இறுக்கிப் பிடித்தோரில் 27.5 சதவீதத்தினர் தொண்ணூறு நாள்களுக்குள் இறந்தனர். சர்க்கரையை 180-க்குள் மட்டும் வைத்திருந்தோரில் இறந்தவர் 24.9 சதவீதமே. சர்க்கரை மிகத் தாழ்ந்து ஆபத்து நேர்ந்ததும் முன்னவரிடமே மிகுதி. அதன்பின் தீவிர சிகிச்சையிலிருப்போர் பெரும்பாலோர்க்கு 140 முதல் 180 வரை என்னும் இடைநிலை அளவே ஏற்றதெனப்பட்டது. உடலின் சமநிலையை ‘இஃதிதால்’ என்பர் அரபு மருத்துவர். அச்சொல்லின் அருமையை இவ்வரலாறு புதிதாய் உணர்த்துகிறது.

இதில் நமக்கும் பங்குண்டு. நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்போர் நம்மவரே. ஊசி போட்டபின் உணவு தாமதமானால், வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றலாம்; உடனே செவிலியரை அழைத்திட வேண்டும். உணவு செல்லவில்லையென்று இன்சுலினை நாமாக நிறுத்தச் சொல்வதும் தீங்கே. அது இன்றியமையாதோர்க்கு அதனை நிறுத்தினால் குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கே கேடு வரும். அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் உண்டாவதை நோயாளி அறியமாட்டார். அதனை நாள்தோறும் பார்க்கும் கண்கள் நம்முடையனவாக இருக்கட்டும்.

தூலாப் தன் போக்கில் சுழன்றாலும் கேடு. அதனை முரட்டுத்தனமாய்ப் பிடித்தாலும் கேடு. அளவறிந்து காப்பதே மருத்துவம்.