வரிசையில் முதலில் நின்றவர் யார்? – எரிபொருள் தட்டுப்பாட்டின் நடுவே ஒரு சுற்றுப்பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையில் வெளிநாட்டுப் பயணப் பேச்சு களைகட்டத் தொடங்கிவிடும். அண்மையில் சக ஆசிரியை ஒருவர், "நாம் போகிற நாட்டில் திடீரென்று பெட்ரோல் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?" என்று கேட்டார். அவருக்கு நான் அன்று முழுமையாக விடை சொல்லவில்லை. என் சொந்த அனுபவத்தையும் நான் படித்தறிந்த வரலாற்றையும் சேர்த்து, அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வந்த ஒரு வாரப் பள்ளி விடுமுறையில், கணவரோடும் இரு பிள்ளைகளோடும் இலங்கைக்குச் சென்றேன். கொழும்பில் ஒரு வேன் அமர்த்தி, யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, நுவரெலியா என்று தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது எங்கள் திட்டம். மொத்தம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அந்நாட்டின் எரிபொருள் நெருக்கடியைச் செய்திகளில் பார்த்திருந்தோம்; அச்சமும் இருந்தது. பயண முகவரோ, "டாலரில் கட்டணம் கட்டுகிறீர்கள், உங்களுக்குத் தட்டுப்பாடே இராது" என்று உறுதி கூறினார். அந்தச் சொல்லை நம்பிப் புறப்பட்டோம். அவர் சொன்னது பொய்யன்று. அது மெய்யாக இருந்ததுதான் பின்னர் என்னை வருத்தியது.

ஒரு நாடு எப்படி வறண்டது?

இலங்கை தன் எரிபொருள் தேவை முழுவதற்கும் இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு. 1961இல் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. ஆலை இருந்தாலும் அதற்கு வேண்டிய கச்சா எண்ணெய் கப்பலில்தான் வரவேண்டும். கப்பலுக்குப் பணம் டாலரில்தான் கட்டவேண்டும்.

அந்த டாலர் வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுப்பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டே கோவிட் பெருந்தொற்று வந்தது. 2021இல் வந்த பயணிகள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும் குறைந்தது. கடன் தவணைகளோ குறையவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. மே மாத நடுவில், ஒரு நாளுக்குரிய பெட்ரோல் மட்டுமே கையிருப்பில் உள்ளது என்று நாட்டின் பிரதமரே தொலைக்காட்சியில் கூறும் நிலை வந்தது. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகள் தவிர மற்ற எவருக்கும் எரிபொருள் விற்பனை இல்லை என்று தடை விதிக்கப்பட்டது. எண்ணெய் நிலைய வரிசைகளில் நாள் கணக்கில் மக்கள் காத்துக் கிடந்தனர். வரிசையில் நின்றபடியே முதியோர் சிலர் உயிரிழந்தனர்.

ஆசிரியர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 2022 மார்ச்சில், அச்சிடத் தாள் இல்லாத காரணத்தால் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. ஜூன் மாதத்தில், ஆசிரியரும் மாணவரும் பள்ளிக்கு வந்துசேர எரிபொருள் இல்லாமையால் கொழும்பு வட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூலை இறுதியில் அவை மீண்டும் திறந்தபோதும் வாரத்திற்கு மூன்று நாள்களே வகுப்புகள் நடைபெற்றன.

இந்நிலையில் ஜூலை மாதம் 'தேசிய எரிபொருள் அட்டை' எனும் பங்கீட்டு முறை அறிமுகமாயிற்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூ.ஆர். குறியீடு, வாரத்திற்கு இவ்வளவு என்ற அளவு. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், மகிழுந்துக்கும் வேனுக்கும் 20 லிட்டர். வெளிநாட்டுப் பயணிகள் வெளிநாட்டு நாணயம் செலுத்திப் பெறக்கூடிய தனி அட்டை ஒன்றும் அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. பங்கீட்டு முறை 2023 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது.

வவுனியாவில் ஒரு கேள்வி

நாங்கள் சென்றபோது நீண்ட வரிசைகள் பெரிதும் குறைந்திருந்தன. ஆயினும் அன்று வவுனியாவுக்கு அருகே ஓர் எண்ணெய் நிலையத்தில் டீசலுக்காக லாரிகளும் உழவு இயந்திரங்களும் வெயிலில் நின்றிருந்தன. அறுவடைக் காலம் அது. எங்கள் வேன் சுற்றுலா வாகனம் என்று அறிந்ததும் ஊழியர் ஒருவர் கையசைத்து எங்களை முன்னே அழைத்தார். வரிசையைக் கடந்து சென்று நிரப்பிக்கொண்டோம். எவரும் எங்களைத் திட்டவில்லை. உழவு இயந்திரத்தின் மேல் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்த என் மகன் கேட்டான்: "அம்மா, அவங்கதானே முதல்ல வந்தாங்க?"

வகுப்பறையில் தினந்தோறும் வரிசையில் நிற்கக் கற்பிக்கும் எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டேன். 1,100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 120 லிட்டர் டீசல் வேண்டும். அந்நாட்டு வேன் ஒன்றின் ஆறு வாரப் பங்கு அது. அதனை நாங்கள் ஒரே வாரத்தில், வேடிக்கை பார்ப்பதற்காக எரிக்கப் போகிறோம்.

நம் நாட்டு நிலையை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட மகிழுந்துகளுக்கு நம் மானிய ரோன் 95 பெட்ரோலை விற்பது 2010 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய மகிழுந்து ஒன்று மஞ்சள் குழாயில் பெட்ரோல் நிரப்புவதைக் கண்டால் நமக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது! நமக்கோ அன்று லிட்டர் 2.05 ரிங்கிட்; தட்டுப்பாடும் இல்லை. இலங்கையில் அப்போது ஒரு லிட்டர் பெட்ரோல் 450 ரூபாய், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ரிங்கிட். அந்த விலைக்கும் அளந்துதான் கிடைத்தது.

அன்றிரவு வவுனியாவில் தங்கினோம். வேன் ஓட்டுநரிடம் என் மனக்குறையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அக்கா, நீங்க வராட்டி எண்ணெய்க் கப்பலுக்குக் குடுக்க டாலர் எங்கருந்து வரும்? ரெண்டு வருசமா என்ட வேன் சும்மா நின்டது. நீங்க வந்தது பிழையில்ல" என்றார். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. போகாமலே இருந்துவிடுவது ஒரு தீர்வாகாது. போய் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

மறுநாள் திட்டத்தை மாற்றினோம். ஓட்டுநருக்கு ஏழு நாளுக்கும் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, வேனைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினோம். யாழ்ப்பாணத்திற்கு இரயில் ஏறினோம். திருகோணமலையைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அறுபது லிட்டருக்கு மேல் மிச்சமாயிற்று. அந்த டீசல் அந்தப் பெரியவரின் உழவு இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், என் மகனின் கேள்விக்கு நாங்கள் அன்று தரக்கூடிய விடை அதுவாகவே இருந்தது.

யாழ்ப்பாணம் கற்றுத்தந்த பாடம்

நாங்கள் சென்ற அந்த இரயில் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 'யாழ்தேவி' விரைவு இரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. போரினால் 1990இல் யாழ்ப்பாணச் சேவை நின்றது. 24 ஆண்டுகளுக்குப் பின் 2014 அக்டோபரில்தான் இரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. 2022இன் தட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "பிள்ளை, தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் எங்களுக்குத் தைலம் மாதிரி. சின்ன மருந்துப் போத்தலுக்கை வச்சிருப்பம். ரெண்டு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓட விடுவம்" என்றார்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலங்களும் உள்ளே வர வழியில்லை, மின்சாரமும் இல்லை. பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் மகிழுந்துகள் கரும்புகை கக்கியபடி மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளே மக்களின் வாகனமாயிற்று. அதைத் தலைகீழாக நிறுத்தி மிதிக்கட்டையைச் சுற்றி, அதன் டைனமோவில் வானொலி கேட்டார்கள். மாணவர்கள் ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் இட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் எரியும் விளக்கின் முன் அமர்ந்து தேர்வுக்குப் படித்தார்கள். அந்த ஒளியில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் பலர்.

நாங்கள் அங்கிருந்த மூன்று நாளும் வாடகைச் சைக்கிளிலும் பேருந்திலும் சுற்றினோம். வேனில் போயிருந்தால் நல்லூரையும் கோட்டையையும் ஒரே காலைப் பொழுதில் பார்த்து முடித்திருப்போம். அந்த ஆசிரியையிடம் பேசியிருக்கமாட்டோம்.

அவருடைய கதை எனக்கு என் தாத்தாவை நினைவூட்டியது. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் இங்கும் பெட்ரோல் இல்லை. பேருந்துகளின் பின்புறம் அடுப்பைப் பொருத்தி, கரியை எரித்து வரும் வாயுவினால் அவற்றை ஓட்டினார்கள். விற்க வழியின்றிக் கிடந்த ரப்பரைக் காய்ச்சி வடித்து, வாகன எண்ணெய் தயாரித்தார்கள். மேட்டில் பேருந்து திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். தட்டுப்பாடு நம் குடும்பக் கதையிலும் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம்.

பயணத்துக்கு முன் சிந்திக்கவேண்டியவை

'எரிபொருள் இல்லை' என்பது எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதன்று. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, நெதர்லாந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டுவதையே தடை செய்தது. அது, விற்பவர் தர மறுத்ததால் வந்த தட்டுப்பாடு. 2000 செப்டம்பரில் பிரிட்டனில், எரிபொருள் வரியை எதிர்த்து விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் சுத்திகரிப்பு ஆலைகளின் வாயிலை மறித்தனர். எண்ணெய் இருந்தது, நிலையங்களுக்குச் சென்று சேரவில்லை. பதற்றத்தில் மக்கள் முண்டியடித்து நிரப்பியதால் சில நாள்களிலேயே பெரும்பாலான நிலையங்கள் வறண்டன. 2022 அக்டோபரில் பிரான்சு நாட்டில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இலங்கையில் நேர்ந்தது மூன்றாம் வகை: வாங்கப் பணமில்லாமை.

வேலைநிறுத்தம் என்றால் ஓரிரு வாரம் பொறுத்தால் போதும். பயணத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், அல்லது ஓர் ஊரிலேயே தங்கிவிடலாம். பணமில்லாமை என்றால் மாதக்கணக்காகும். திட்டத்தையே சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே, எவ்வகைத் தட்டுப்பாடு என்பதை முதலில் விசாரித்தறியுங்கள். நாட்டையே சுற்றி வருவதைவிட, இரயில் செல்லும் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். வாடகை மகிழுந்தைப் பெறும்போது முழுத்தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்குக் குறைந்ததும் நிரப்புங்கள். ஆனால் கலன்களில் சேர்த்து வைக்காதீர்கள். அது ஆபத்து, பிறர் பங்கையும் குறைக்கும். விமான நிலையத்திற்குத் திரும்பும் வழிக்கு மகிழுந்தை மட்டும் நம்பாதீர்கள். பயணத்தைக் குறைத்தாலும் ஓட்டுநரின் கூலியைக் குறைக்காதீர்கள்.

ஊர் திரும்பியபின், வரலாற்றுப் பாடவேளையில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிப் பேசும்போது இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொன்னேன். "டீச்சர், அந்தத் தாத்தாவுக்கு டீசல் கெடச்சுதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. உங்கள் பயணங்களில் பிள்ளைகள் இப்படி ஏதும் கேட்டால், அவர்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் வண்டியைச் சற்று நிறுத்துங்கள்.