கோடையில் குளிர்பதன ஆலைகளை முடக்கும் உப்புத் தண்ணி: கண்டென்சரில் சுண்ணாம்பு படிவதைத் தடுப்பது எப்படி?

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை பக்கம் போர் தண்ணி காய்ச்சும் வீடுகளில், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் லேசில் போகாது. வீட்டில் அது பாத்திரம் கழுவுபவருக்குத் தொல்லை, அவ்வளவுதான். ஆனால் அதே தண்ணீர் பால் குளிரூட்டும் நிலையத்துக்கோ ஐஸ் பிளான்ட்டுக்கோ போனால் கரண்ட் பில் எகிறும். கோடையில் மெஷினே நின்றுபோகும். பால் திரிந்தால் நஷ்டம் ஆலைக்கு மட்டுமல்ல, பால் ஊற்றிய விவசாயிக்கும்தான்.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? தடுக்க என்ன செய்யணும்? பார்க்கலாம்.

தண்ணீரில் சுண்ணாம்பு எப்படி வருகிறது?

திண்டுக்கல் சமவெளி கடினப் பாறை நிலம். நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும்போது கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலைப்படி லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 மி.கி. வரை அனுமதி. இந்த 600-ஐயும் தாண்டும் போர்கள் மாவட்டத்தில் உண்டு. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு இன்னும் கூடலாம்.

கண்டென்சரில் ஏன் படிகிறது?

பெரிய குளிர்பதன ஆலைகள் பலவற்றில் அமோனியா வாயுதான் குளிரூட்டும் பொருள். பாலிலிருந்தோ பழத்திலிருந்தோ உறிஞ்சிய வெப்பத்தை அது கண்டென்சர் குழாய்களில் வெளியே விடும். அந்தக் குழாய்கள் மேல் தண்ணீரைத் தெளித்து, ஃபேன் ஓடவிடுவார்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் தண்ணீரில் இருந்த உப்பு போகாது, அங்கேயே தங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆலையில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் ஆவியாகிறது, தண்ணீரின் கடினத்தன்மை 600 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். தினமும் சுமார் 6 கிலோ சுண்ணாம்பு உப்பு உள்ளே மிஞ்சுகிறது. மாதத்துக்கு 180 கிலோ!

இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு: சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால் எந்தக் குழாய் அதிகம் சுடுகிறதோ, அங்கேதான் முதலில் ஒட்டும்.

என்ன நஷ்டம்?

இரும்போடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூடச் சரியாகக் கடத்தாது. குழாய்க்குப் போர்வை போர்த்தியது மாதிரி ஆகிவிடும். வெப்பம் வெளியேறாததால் அமோனியாவின் அழுத்தம் கூடும், கம்ப்ரெசர் அதிகம் உழைக்கும். கண்டென்சரின் வெப்பநிலை 1 டிகிரி கூடினாலே மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். தினமும் 1,000 யூனிட் ஓடும் ஆலையில் 5 டிகிரி கூடினால், நாளொன்றுக்கு 100 யூனிட்டுக்கு மேல் வீண்.

அழுத்தம் எல்லை தாண்டினால் பாதுகாப்புக்காக கம்ப்ரெசர் தானாகவே நின்றுவிடும். இது பெரும்பாலும் நடப்பது வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், குளிர் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்!

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். அமோனியா 35 டிகிரியில் குளிர்ந்து திரவமானால் கேஜில் சுமார் 180 பி.எஸ்.ஐ. காட்டும். 40 டிகிரி என்றால் சுமார் 210. ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி லோடு இருந்தும் இந்த எண் வாரா வாரம் ஏறினால் கவனிக்கணும். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தாலும், நாசில் அடைத்திருந்தாலும், ஃபேன் சரியாக ஓடாவிட்டாலும் அழுத்தம் கூடும். அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வரணும்.

தடுப்பது எப்படி?

* முதலில் பரிசோதனை: கடினத்தன்மை, காரத்தன்மை, டி.டி.எஸ்., பி.ஹெச்., குளோரைடு, சிலிக்கா அளவுகளை ஆய்வகத்தில் பார்க்கணும். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

* சாஃப்ட்னர்: கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் கருவி. அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்கணும். இதை மறந்தால் கருவி சும்மா நிற்கும், கடினநீர் அப்படியே உள்ளே போகும். கடினத்தன்மையை அடியோடு பூஜ்ஜியமாக்கினாலும் ஆபத்து: துத்தநாகம் பூசிய குழாயில் வெள்ளைத் துரு வரலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளணும்.

* பழைய தண்ணீரை வெளியேற்றுவது: உப்பு திரண்ட தண்ணீரில் ஒரு பகுதியைத் தினமும் வெளியே விடணும். 10,000 லிட்டர் ஆவியாகும் ஆலையில் 5,000 லிட்டர் வெளியேற்றினால், தொட்டித் தண்ணீர் மூன்று மடங்கு செறிவில் நிற்கும். உள்ளே வருவது 100 மி.கி. தண்ணீர் என்றால் தொட்டியில் 300, சமாளிக்கலாம். 600 மி.கி. என்றால் 1,800, படிவு நிச்சயம். அதனால் உப்பு அதிகமுள்ள போருக்கு இது மட்டும் போதாது. வெளியேற்றும் தண்ணீரை வயலில் விடுவதும் தப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிப்படி அகற்றணும்.

* மருந்து: படிவைத் தடுக்கும் பாஸ்பனேட், பாலிமர் ரசாயனங்களையும் பாசி, கிருமிக்கான மருந்தையும் அளவு பார்த்துச் சேர்க்கணும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதா?

பலர் செய்வது இதுதான். ஆசிட் சுண்ணாம்பை மட்டும் கரைக்காது, குழாயின் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும். அதற்குப் பிறகு துரு, ஓட்டை, கடைசியில் அமோனியா கசிவு. கழுவியே ஆகணும் என்றால் அரிப்புத் தடுப்பான் சேர்த்த ஆசிட், பயிற்சி பெற்ற ஆள், கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் எல்லாம் அவசியம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. விஷமான குளோரின் வாயு கிளம்பும். உளி, சுத்தியல் வைத்துக் குழாயைத் தட்டுவதும் உயிருக்கு ஆபத்து.

மழைத் தண்ணி கைகொடுக்குமா?

கொடுக்கும். மழைநீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 1,000 சதுர மீட்டர் ஷெட் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். வடிகட்டித் தொட்டியில் சேமித்து, போர் தண்ணியோடு கலந்தால் சாஃப்ட்னர் செலவும் குறையும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. குழாய் ஏற்கெனவே கூரையில் இருக்கும், அதைத் தொட்டிக்குத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

சுருக்கமாகச் சொன்னால், கோளாறு மெஷினில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. தினமும் கேஜ் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைத்தாலே, சித்திரை வெயில் வருவதற்குள் சிக்கலைப் பிடித்துவிடலாம்.